எலியின் முதுகு முதல் மூச்சுவிடும் சிப் வரை: நுரையீரல் புற்றுநோய் மாதிரிகளின் வரலாறு



அன்பின் ஊரவர்களே, பெற்றோரே, எங்களிடம் படித்துவிட்டு இன்று நாலா பக்கமும் தொழில் பார்க்கும் பிள்ளைகளே!

இது கொஞ்சம் நீண்ட பதிவு. வேலையெல்லாம் முடிந்து ஆறுதலாக இருக்கும் நேரத்தில் வாசியுங்கள். புற்றுநோய் எட்டிப் பார்க்காத குடும்பம் இன்று நமது ஊரில் குறைவு. மஹரகமைக்குப் போய்வருவது எவ்வளவு பெரிய அலைச்சல் என்பது போனவர்களுக்குத் தெரியும். அந்தக் களைப்போடு வீடு திரும்பும் குடும்பத்தின் கைத்தொலைபேசியில் "இந்த மூலிகை புற்றுநோயைக் கொல்கிறது, ஆய்வுகூடத்தில் நிரூபிக்கப்பட்டது" என்று ஒரு செய்தி வந்து நிற்கிறது. "ஆய்வுகூடத்தில்" என்ற அந்த ஒரு சொல்லை நம்பி என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது? அதை விளங்கிக்கொள்ள, ஆய்வுகூடங்கள் ஒரு நோயைத் தமக்குள் கொண்டுவரப் பட்ட பாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். நாம் நுரையீரல் புற்றுநோயை எடுத்துக்கொள்வோம்.

■ போத்தலும் பலூனும்

விஞ்ஞான பாடத்தில் நாங்கள் ஒரு செய்முறை செய்து காட்டுவோம். பிளாஸ்டிக் போத்தலின் அடியை வெட்டி, உள்ளே இரண்டு பலூன்களைத் தொங்கவிட்டு, அடியை இறப்பர் தாளால் மூடுவோம். தாளைக் கீழே இழுத்தால் பலூன்கள் ஊதும். விட்டால் சுருங்கும். பிரிமென்றகடு எப்படிக் காற்றை உள்ளே இழுக்கிறது என்பது பின்வாங்கில் இருக்கும் பிள்ளைக்கும் விளங்கிவிடும்.

ஆனால் குருதிக்கு ஒட்சிசன் எப்படிப் போய்ச் சேருகிறது என்று அதே பலூனிடம் கேட்டால் பதில் வராது. பலூன் பொய் சொல்லவில்லை. அது காட்ட வந்தது வேறு விடயம். இதுதான் "மாதிரி" என்பது. உண்மையான பொருளில் ஒரு பகுதியை மட்டும் காட்டுவதற்காக நாம் செய்துகொள்ளும் பதிலாள்.

புற்றுநோய்க்கும் இப்படிப் பதிலாள் தேவைப்பட்டது. புதிய மருந்து ஒன்றை நேரே நோயாளியின் உடலில் ஏற்றிப் பார்க்க முடியாது. ஒரு பொருள் புற்றுநோயை உண்டாக்குமா என்று பார்ப்பதற்காக ஒரு மனிதனுக்கு அதைக் கொடுப்பது பெரும் அநியாயம். ஆகவே மனிதனுக்குப் பதிலாக எதைக் கொண்டு பார்ப்பது என்ற கேள்வி வந்தது. கடந்த நூறு வருட ஆய்வு முழுவதும் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் நடந்திருக்கிறது.

■ முயலின் காதில் தார்

1912 ஆம் ஆண்டில் நியூயோர்க்கைச் சேர்ந்த ஐசக் அட்லர் என்ற வைத்தியர் நுரையீரல் புற்றுநோய் பற்றி ஒரு நூல் எழுதினார். அதுவரை உலகில் வெளிவந்த வைத்திய எழுத்துகளைத் தேடித் தொகுத்தபோது அவருக்குக் கிடைத்தவை வெறும் 374 நோயாளர்களின் விபரங்கள். இவ்வளவு அபூர்வமான நோய்க்குத் தனியாக ஒரு நூல் வேண்டுமா என்று அவரே அந்த நூலில் கேட்டார். இன்று உலகில் புற்றுநோயால் இறப்பவர்களில் மிக அதிகமானோர் நுரையீரல் புற்றுநோயாலேயே இறக்கிறார்கள். இடையில் வந்து சேர்ந்தது இயந்திரத்தில் ஆயிரக்கணக்கில் சுருட்டப்பட்ட மலிவான சிகரட்.

1915 இல் டோக்கியோவில் யமகிவா, இச்சிகாவா என்ற இரண்டு ஆய்வாளர்கள் முயல்களின் காதில் நிலக்கரித் தாரைப் பூசினார்கள். ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. மாதக்கணக்கில், திரும்பத் திரும்ப, பொறுமையாக. கடைசியில் அந்தக் காதுகளில் புற்றுநோய் தோன்றியது. ஒரு இரசாயனப் பொருளைக் கொண்டு ஆய்வுகூடத்தில் மனிதன் உண்டாக்கிக் காட்டிய முதலாவது புற்றுநோய் அதுதான். புகைபோக்கி துப்புரவாக்கும் தொழிலாளருக்குக் கரியினால் புற்றுநோய் வருகிறது என்று லண்டன் சத்திரசிகிச்சை நிபுணர் பேர்சிவல் பொட் 1775 இலேயே எழுதியிருந்தார். அதை உயிருள்ள ஒரு விலங்கில் நிரூபிக்க 140 ஆண்டுகள் எடுத்தன. 1933 இல் லண்டன் ஆய்வாளர்கள் இரண்டு தொன் நிலக்கரிக் கீலை வடித்து, அதிலுள்ள புற்றுநோய்க் காரணி ஒன்றைப் பிரித்தெடுத்தார்கள். அதன் பெயர் பென்சோபைரீன். பின்னர் அது சிகரட் புகையிலும் இருப்பது தெரியவந்தது.

■ எலியின் முதுகும் கம்பனிகளின் பதிலும்

1950 இல் இங்கிலாந்தில் டொல், ஹில் என்ற இருவரும், அமெரிக்காவில் வின்டர், கிரகம் என்ற இருவரும் நோயாளர்களின் புகைப்பழக்கத்தைத் தனித்தனியே ஆராய்ந்து ஒரே முடிவுக்கு வந்தார்கள். நுரையீரல் புற்றுநோய் வந்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் கடுமையாகப் புகைப்பவர்கள்.

இவர்களில் எவர்ட்ஸ் கிரகம் சாதாரண ஆளல்ல. புற்றுநோய் பிடித்த ஒரு பக்க நுரையீரலை முழுமையாக அகற்றி நோயாளியை உயிரோடு காப்பாற்றிய முதலாவது சத்திரசிகிச்சையை 1933 இல் செய்தவர் அவர்தான். அவரும் பல வருடங்கள் கடுமையாகப் புகைத்தவர். அவருடைய மாணவன் ஏர்ன்ஸ்ட் வின்டர் இந்த ஆய்வோடு வந்தபோது ஆரம்பத்தில் அவருக்கு அதில் நம்பிக்கை இருக்கவில்லை. தரவுகள்தான் அவரை மாற்றின.

ஆனால் கணக்கு மட்டும் போதாது, பொறிமுறை எங்கே என்று எதிர்த்தரப்பு கேட்டது. ஆகவே வின்டரும் கிரகமும் அடெல் குரோனிங்கர் என்ற பெண் ஆய்வாளரும் சேர்ந்து புகைக்கும் இயந்திரம் ஒன்றை வைத்து சிகரட் புகையின் தாரைச் சேகரித்தார்கள். எலிகளின் முதுகு முடியை மழித்து, கிழமைக்கு மூன்று தடவை அந்தத் தாரைப் பூசினார்கள். 81 எலிகளில் 44 வீதமானவற்றுக்குப் புற்றுநோய் வந்தது. 1953 டிசம்பரில் முடிவு வெளியானது. பத்திரிகைகள் எல்லாம் அதைப் பெரிதாகப் போட்டன. சிகரட் கம்பனிகளின் பங்குகள் சரிந்தன.

அதே மாதத்தில் பெரிய கம்பனிகளின் தலைவர்கள் நியூயோர்க் ஹோட்டல் ஒன்றில் கூடினார்கள். 1954 ஜனவரி 4 ஆம் திகதி, அமெரிக்காவின் 400 க்கும் மேற்பட்ட பத்திரிகைகளில் ஒரு முழுப்பக்க அறிவித்தல் வந்தது. எலிகளில் செய்த பரிசோதனைகளை வைத்து மக்களைப் பயமுறுத்துகிறார்கள், இது ஒரு கருத்து மட்டுமே, முடிவான சான்று இல்லை என்ற தொனியில் அது எழுதப்பட்டிருந்தது. எலியின் தோல் மனிதனின் நுரையீரல் அல்ல என்ற வாதத்தை அவர்கள் பல வருடங்களுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள்.

இந்த இடத்தில் நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். அவர்கள் சொன்னதில் ஒரு உண்மை இருந்தது. எலியின் முதுகு மனித நுரையீரல் அல்லதான். எலி சிகரட் பிடிப்பதில்லை. அது மூக்கால் மட்டுமே மூச்செடுக்கும் பிராணி. புகை நிறைந்த கூண்டில் எலிகளை வைத்துப் பார்த்தபோதும் மனிதனுக்கு வருவது போன்ற நுரையீரல் புற்றுநோய் எளிதில் வரவில்லை. மாதிரிக்கு ஒரு குறை இருந்தது. அந்தக் குறை உண்மை. ஆனால் அதைக் கொண்டு அவர்கள் கட்டிய முடிவு பொய். "இந்த மாதிரி முழுமையானது அல்ல" என்பதை "ஆகவே புகைத்தால் ஒன்றுமில்லை" என்று மாற்றினார்கள்.

விஞ்ஞானிகள் என்ன செய்தார்கள்? ஒரு மாதிரியை மட்டும் நம்பி நிற்கவில்லை. 1964 ஜனவரியில் அமெரிக்க சுகாதாரத் தலைமை வைத்தியரின் அறிக்கை வந்தபோது மூன்று வகைச் சான்றுகள் ஒன்றாக வைக்கப்பட்டிருந்தன. விலங்குப் பரிசோதனை ஒன்று. இறந்தவர்களின் நுரையீரலை நுணுக்குக்காட்டியில் பார்த்தது ஒன்று. இலட்சக்கணக்கான மனிதர்களைப் பின்தொடர்ந்து எடுத்த கணக்கு ஒன்று. மூன்றும் ஒரே திசையைக் காட்டின. கிரகம் அதைப் பார்க்க இருக்கவில்லை. 1957 இல் அவர் இறந்துவிட்டார். அவரைக் கொண்டுபோனதும் நுரையீரல் புற்றுநோய்தான். 1933 இல் அவர் காப்பாற்றிய அந்த நோயாளி அவருக்குப் பிறகும் சில வருடங்கள் உயிரோடிருந்தார்.

■ தட்டில் வாழும் கலங்கள்

காரணம் தெரிந்தது. மருந்து எங்கே? அதற்கு வேறு விதமான மாதிரி தேவைப்பட்டது.

1951 இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் ஹென்றியேட்டா லக்ஸ் என்ற கறுப்பினத் தாய் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றார். அவருடைய கட்டியிலிருந்து எடுத்த கலங்கள் ஆய்வுகூடத்தில் சாகாமல் பெருகிக்கொண்டே போயின. தொடர்ந்து வளர்ந்த முதலாவது மனிதக் கலப் பரம்பரை அதுதான். அதற்கு ஹீலா என்று பெயர் வைத்தார்கள். அந்தத் தாயிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. அதே வருடம் ஒக்டோபரில் அவர் இறந்தார். அவருடைய குடும்பத்துக்கு இது பல வருடங்கள் தெரியவே தெரியாது. மனித உடலின் ஒரு துண்டும் அமானிதம் என்ற எண்ணம் ஆய்வுகூடங்களுக்கு வர நீண்ட காலம் எடுத்தது. நோயாளியின் சம்மதத்தைக் கேட்க வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றதில் அந்தத் தாயின் கதைக்கும் பங்குண்டு.

ஹீலா இன்னொரு பாடத்தையும் கற்றுத் தந்தது. 1966 இல் ஸ்டான்லி கார்ட்லர் என்பவர் வெவ்வேறு உறுப்புகளிலிருந்து எடுத்ததாகச் சொல்லப்பட்ட 18 கலப் பரம்பரைகளைச் சோதித்தார். எல்லாமே ஹீலாவாக மாறியிருப்பதற்கான அடையாளம் தெரிந்தது. ஒரு குழாயிலிருந்து இன்னொரு குழாய்க்கு ஒரு துளி தெறித்தாலே போதும். வேகமாக வளரும் ஹீலா மற்றதை அமுக்கிவிடும். ஈரலைப் பற்றி ஆராய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு கருப்பைக் கழுத்துக் கலத்தை ஆராய்ந்தவர்கள் இருந்தார்கள்.

நுரையீரலுக்கென்று சொந்தக் கலப் பரம்பரைகளும் வந்தன. 1972 இல் 58 வயது ஆண் ஒருவரின் நுரையீரல் கட்டியிலிருந்து எடுத்த ஏ549 இன்றைக்கும் உலகமெங்கும் பாவனையில் இருக்கிறது. ஜோன் மின்னா, ஆதி கஸ்தார் என்ற இருவரும் 1970 களிலிருந்து அமெரிக்கத் தேசிய புற்றுநோய் நிறுவகத்தில் இதையே தமது வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டார்கள். இலகுவில் தட்டில் வளராத சிறுகலப் புற்றுநோயை வளர்ப்பதற்கு ஹைட்ரோகோர்ட்டிசோன், இன்சுலின், டிரான்ஸ்பெரின், ஈஸ்ட்ரடையோல், செலீனியம் ஆகியவை சேர்ந்த ஒரு ஊடகம் அங்கே பயன்பட்டது. இப்படி 200 க்கும் மேற்பட்ட நுரையீரல் புற்றுநோய்ப் பரம்பரைகளை உருவாக்கி, கேட்ட ஆய்வுகூடங்களுக்கெல்லாம் கொடுத்தார்கள். பூட்டி வைத்துப் பெயர் எடுக்க நினைக்கவில்லை.

இதற்கிடையில் மருந்து தேடுவோர் ஒரு பெரிய உண்மையை அனுபவத்தால் கண்டார்கள். 1955 முதல் அமெரிக்க அரசு புதிய இரசாயனங்களைச் சோதிக்கப் பெரிதும் எலியின் குருதிப் புற்றுநோயைத்தான் பாவித்தது. விளைவு? குருதிப் புற்றுநோய்க்கு நல்ல மருந்துகள் கிடைத்தன. நுரையீரல் போன்ற உறுப்புகளின் கட்டிகளுக்கு அவ்வளவாகக் கிடைக்கவில்லை. எந்த வலையை வீசுகிறோமோ அதற்கேற்ற மீன்தான் பிடிபடும் என்பது கடலோர மக்களாகிய நமக்குத் தெரியாததல்ல. ஆகவே 1990 இல் ஒன்பது வகைப் புற்றுநோய்களிலிருந்து எடுத்த 60 மனிதக் கலப் பரம்பரைகளில் மருந்துகளைச் சோதிக்கும் முறை தொடங்கியது. நுரையீரலும் அதில் ஒன்று.

■ முடியில்லாத எலி

தட்டில் குருதி ஓடாது. ஈரல் இல்லை, சிறுநீரகம் இல்லை. மருந்து உடலுக்குள் போய் உடையுமா, கட்டி வரை போய்ச் சேருமா என்பதைத் தட்டு சொல்லாது. உயிருள்ள உடல் ஒன்று வேண்டும். ஆனால் மனிதக் கட்டியை எலிக்குள் வைத்தால் எலியின் நிர்ப்பீடனம் அதை அழித்துவிடும்.

1962 இல் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரிலுள்ள ஒரு வைத்தியசாலை ஆய்வுகூடத்தில் முடியே இல்லாத எலிகள் பிறந்தன. அவற்றுக்குத் தைமஸ் சுரப்பி இல்லை என்பது 1968 இல் கண்டுபிடிக்கப்பட்டது. தைமஸ் இல்லையென்றால் அந்நியக் கலத்தை எதிர்க்கும் படையும் இல்லை. அடுத்த வருடமே டென்மார்க்கில் ரைகார்ட், பொவல்சன் என்ற இருவர் மனிதப் பெருங்குடல் கட்டி ஒன்றை அப்படியான எலியில் வளர்த்துக் காட்டினார்கள். பின்னர் நுரையீரல் கட்டிகளும் இப்படி வளர்க்கப்பட்டன. கலப் பரம்பரையைப் பாவிக்காமல், நோயாளியின் கட்டித் துண்டையே நேரடியாக எலிக்குள் வைக்கும் முறையும் வந்தது.

பெரிய முன்னேற்றம்தான். ஆனால் நாம் கேட்கப் பழகிய அதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். கட்டி எங்கே வளர்கிறது? பெரும்பாலும் எலியின் தோலுக்கடியில். நுரையீரலில் அல்ல. எலிக்கு நிர்ப்பீடனமும் இல்லை. 2015 இல் நுரையீரல் புற்றுநோய்க்கு அனுமதி பெற்ற நிவோலுமாப் போன்ற மருந்துகள் கட்டியை நேரடியாகத் தாக்குவதில்லை. நோயாளியின் சொந்த நிர்ப்பீடனப் படையை எழுப்பிவிடுவதுதான் அவற்றின் வேலை. படையே இல்லாத எலியிடம் அப்படியான மருந்தைக் கொடுத்து என்ன காணலாம்?

அந்தக் குறையை நிரப்ப இன்னொரு எலி வந்தது. 2001 இல் அமெரிக்காவின் எம்.ஐ.ரீ. நிறுவகத்தில் டைலர் ஜக்ஸ் குழுவினர், மனித நுரையீரல் புற்றுநோயில் அடிக்கடி காணப்படும் கே-ராஸ் என்ற பரம்பரையலகு விகாரத்தை, பூட்டுப் போட்ட நிலையில் எலிக்குள் வைத்தார்கள். எலி வளர்ந்த பிறகு, அதன் மூக்கினூடாகக் கொடுக்கும் ஒரு வைரஸ் அந்தப் பூட்டைத் திறக்கும். கட்டி நுரையீரலிலேயே, தனி ஒரு கலத்திலிருந்து, நிர்ப்பீடனம் முழுமையாக உள்ள உடலில் தொடங்கும். 2003 இல் நெதர்லாந்தில் அன்டன் பேர்ன்ஸ் குழு இதே வழியில் சிறுகலப் புற்றுநோயையும் எலியில் உருவாக்கியது.

இந்த எலிக்கும் ஒரு குறை உண்டு. பல வருடங்கள் புகைத்த மனிதனின் கட்டியில் விகாரங்கள் ஆயிரக்கணக்கில் குவிந்திருக்கும். எலியின் கட்டியில் ஒரு சிலதான். ஒவ்வொரு மாதிரியும் ஒரு கதவைத் திறக்கும்போது இன்னொரு கதவு மூடியபடியே இருக்கிறது.

■ 1988 இன் அந்தப் பெண்

இப்போது இந்த வரலாற்றில் எங்கள் மனதைத் தொட்ட பகுதிக்கு வருகிறோம்.

1988 ஜூலை மாதம். நுரையீரல் புற்றுநோய் வந்த ஒரு பெண்ணிடமிருந்து மின்னா, கஸ்தார் குழுவினர் சில கலங்களை எடுத்து வளர்த்தார்கள். அந்தப் பெண் புகைப்பவரல்ல. அவருடைய பெயர் நமக்குத் தெரியாது. அவருடைய கலங்களுக்கு எச்1975 என்ற இலக்கம் கொடுக்கப்பட்டது. பல வருடங்கள் அது மற்றக் குழாய்களோடு உறைகுளிரில் கிடந்தது.

2004 இல், ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற பரம்பரையலகில் விகாரம் உள்ள கட்டிகள் ஜெஃபிட்டினிப் என்ற மாத்திரைக்கு நன்றாகச் சுருங்குகின்றன என்று கண்டுபிடிக்கப்பட்டது. புகைக்காதவர்களில், அதிலும் கிழக்காசியப் பெண்களில் இந்த விகாரம் அதிகம். படுக்கையில் கிடந்தவர்கள் எழுந்து நடமாடினார்கள். ஆனால் பெரும்பாலானோருக்கு ஒரு வருடம் அளவில் நோய் திரும்பி வந்தது. மருந்து வேலை செய்யாமல் போனது ஏன்?

2005 இல் காரணம் தெரிந்தது. டீ790எம் என்ற இரண்டாவது விகாரம் ஒன்று மருந்தின் வழியை மறித்துக்கொள்கிறது. அதே விகாரம் எச்1975 கலங்களிலும் இருப்பதைக் கண்டார்கள். யோசித்துப் பாருங்கள். அந்த மாத்திரை பாவனைக்கு வருவதற்கு முன்பே எடுக்கப்பட்ட கலங்கள் அவை. மருந்தை எதிர்க்கும் வித்து, மருந்து பிறப்பதற்கு முன்பே ஒரு கட்டிக்குள் இருந்திருக்கிறது!

அதன் பிறகு எச்1975 பல ஆய்வுகூடங்களின் கைக்கல் ஆனது. அந்தத் தடையை உடைக்கும் புதிய இரசாயனங்கள் இந்தக் கலங்களிலும், இவற்றை ஏற்றிய எலிகளிலும் சோதிக்கப்பட்டன. அப்படி வந்த மருந்துதான் ஒசிமேர்ட்டினிப். தட்டில் வென்று, எலியில் வென்று, அதன் பின் மனிதர்களில் கட்டம் கட்டமாகப் பரீட்சிக்கப்பட்டு, 2015 நவம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இன்று உலகெங்கும் நோயாளிகள் அதைக் குடிக்கிறார்கள். பெயர் தெரியாத ஒரு பெண்ணின் கட்டியிலிருந்து அந்த மருந்துக்கு 27 வருடங்கள்.

■ மூச்சுவிடும் சிப்

2010 இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் வீஸ் நிறுவகத்தில் டான் ஹூ, டொனால்ட் இங்பர் ஆகியோர் பென்டிரைவ் அளவிலான ஒளி ஊடுருவும் சிப் ஒன்றைச் செய்தார்கள். நடுவில் நுண்துளைகள் கொண்ட மெல்லிய சவ்வு. ஒரு பக்கம் மனித நுரையீரலின் சிற்றறைக் கலங்கள், அவற்றுக்கு மேலே காற்று. மறுபக்கம் குருதிக் குழாய்க் கலங்கள், அவற்றை நனைத்தபடி ஓடும் திரவம். இரு ஓரங்களிலும் வெற்றிடத்தை மாற்றி மாற்றிக் கொடுத்தால் சவ்வு விரிந்து சுருங்கும். மூச்சுவிடுவது போல.

எங்கள் வகுப்புப் போத்தலும் பலூனும் நினைவுக்கு வருகிறதா? அதே எண்ணம்தான். ஆனால் இந்தப் பலூனில் உயிருள்ள கலம் இருக்கிறது.

2017 இல் இதே குழு சிப்புக்குள் நுரையீரல் புற்றுநோய்க் கலங்களை வைத்தது. எந்தக் கலங்கள் தெரியுமா? அந்த எச்1975 தான். சிப் மூச்சுவிட்டபோது புற்றுநோய் வளர்வது குறைந்தது. ஆனால் மருந்துக்கு அது காட்டிய எதிர்ப்பு கூடியது. வெறும் தட்டில் 50 வருடங்கள் வளர்த்தாலும் இந்தச் செய்தி கிடைத்திருக்காது. தட்டு மூச்சுவிடுவதில்லை அல்லவா?

இன்னொரு பக்கம், நோயாளியின் கட்டியிலிருந்து எடுத்த கலங்களை ஜெல் ஒன்றுக்குள் வளர்த்து, சிறு உருண்டைகளாக, உறுப்பின் அமைப்போடு ஆக்கும் முறை வந்திருக்கிறது. ஓர்கனொயிட் என்பார்கள். 2009 இல் நெதர்லாந்தின் ஹான்ஸ் கிளேவர்ஸ் ஆய்வுகூடத்தில் குடல் கலத்தில் தொடங்கி, பிறகு நுரையீரலுக்கும் வந்தது. அதிலும் தொல்லை உண்டு. 2020 இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் நுரையீரல் கட்டிகளை இப்படி வளர்த்துச் சோதித்தபோது, பல உருண்டைகளில் வளர்ந்திருந்தது புற்றுநோயே அல்ல. கட்டிக்கு அருகிலிருந்த சாதாரண மூச்சுக்குழாய்க் கலங்கள் முந்திக்கொண்டு வளர்ந்திருந்தன. ஹீலா காலத்தின் பாடம் வேறு உருவில் திரும்பி வந்தது.

2022 டிசம்பரில் அமெரிக்கா ஒரு சட்டத்தைத் திருத்தியது. மனிதப் பரீட்சைக்கு முன் விலங்குப் பரிசோதனை கட்டாயம் என்ற நிபந்தனை நீக்கப்பட்டு, சிப், ஓர்கனொயிட், கணினி போன்ற வழிகளுக்கும் கதவு திறக்கப்பட்டது. மனிதப் பரீட்சை என்ற கடைசிப் படியை மட்டும் எந்தச் சட்டமும் நீக்கவில்லை. ஏனென்றால் இத்தனை மாதிரிகளையும் தாண்டி வந்து மனிதரில் பரீட்சிக்கப்படும் புற்றுநோய் மருந்துகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் அந்தக் கடைசிப் படியில்தான் விழுகின்றன.

■ இதில் நமக்கு என்ன?

இப்போது நமது கைத்தொலைபேசிக்கு வரும் செய்திக்கு வருவோம். முள் அன்னமுன்னா, சிங்களத்தில் கட்டு அனோதா என்று சொல்கிறோமே, அந்தப் பழம் புற்றுநோய் மருந்தைவிட 10,000 மடங்கு சக்தி வாய்ந்தது என்று ஒரு செய்தி வருடக்கணக்காகச் சுற்றுகிறது. அதற்கு ஒரு மூலம் உண்மையிலேயே இருக்கிறது. 1996 இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அதன் விதையிலிருந்து ஒரு இரசாயனத்தைப் பிரித்தெடுத்து, தட்டில் வளர்த்த ஒரு பெருங்குடல் புற்றுநோய்க் கலத்தின் மேல் போட்டுப் பார்த்தார்கள். அட்ரியாமைசின் என்ற மருந்தோடு ஒப்பிட்டு 10,000 மடங்கு என்று எழுதினார்கள்.

விதை பழமாகிவிட்டது. பிரித்தெடுத்த இரசாயனம் இலைச் சாறாகிவிட்டது. தட்டு மனிதனாகிவிட்டது. ஒரு வகைக் கலம் எல்லாப் புற்றுநோயுமாகிவிட்டது. நாம் இப்போது வாசித்த நூறு வருட வரலாற்றை அந்தச் செய்தி ஒரே தாவலில் தாண்டிவிடுகிறது. தட்டில் உள்ள கலத்தைக் கொதிநீரும் கொல்லும், மண்ணெண்ணெயும் கொல்லும். போதாததற்கு, 1999 இல் பிரான்சின் குவாதலூப் தீவில் இந்த இனப் பழத்தையும் இலைத் தேநீரையும் அதிகம் பாவித்தவர்களிடம் பார்க்கின்சன் போன்ற நரம்பு நோய் கூடுதலாக இருப்பதாக வைத்தியர்கள் எழுதினார்கள். பழத்தை ருசிக்குச் சாப்பிடுவது வேறு. வைத்தியசாலைத் திகதியைத் தவறவிட்டு அதன் சாற்றைக் குடித்துக்கொண்டிருப்பது வேறு.

அதே நேரம் இன்னொரு பேச்சும் நமது தேநீர்க் கடைகளில் உண்டு. "எலிக்கு வந்தால் எனக்கு வருமா? எங்கட வாப்பா எண்பது வயது வரை பிடித்தவர்" என்பார்கள். 1954 இல் அந்தக் கம்பனிகள் பத்திரிகையில் போட்ட அறிவித்தலின் மிச்சம்தான் அந்தப் பேச்சு. சொல்பவருக்கே அது தெரியாது.

ஒருவர் தட்டைப் பார்த்து மனிதன் என்கிறார். மற்றவர் எலியைப் பார்த்து, அதற்கும் மனிதனுக்கும் சம்பந்தமே இல்லை என்கிறார். இருவரும் செய்வது ஒரே தவறு. மாதிரி மனிதனுமல்ல, பொய்யுமல்ல. அது எதைக் காட்டச் செய்யப்பட்டதோ அதை மட்டும் அதனிடம் கேட்க வேண்டும்.

ஆகவே இனி இப்படியான செய்தி வந்தால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எதில் பார்த்தார்கள்: தட்டிலா, எலியிலா, மனிதரிலா? மனிதரில் என்றால் எத்தனை பேரில், வேறு சிகிச்சை பெற்றவர்களோடு ஒப்பிட்டார்களா? வேறு நாட்டவர்கள் திரும்பச் செய்து பார்த்து அதே முடிவுக்கு வந்தார்களா? பதில் தெரியாவிட்டால், செய்தியை எடுத்துக்கொண்டு உங்கள் சிகிச்சை வைத்தியரிடம் போங்கள். அவரிடம் மறைத்து எந்தச் சாற்றையும் எந்தத் தூளையும் குடிக்காதீர்கள். சில மூலிகைகள் மருந்தின் அளவையே உடலில் மாற்றிவிடும்.

உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. இந்த வரலாற்றில் வந்தவர்கள் எல்லோரும் மேதைகள் அல்ல. முயலின் காதில் மாதக்கணக்கில் தார் பூசியவர்களும், கலத்துக்கு எந்தச் சாப்பாடு பிடிக்கும் என்று வருடக்கணக்கில் தேடியவர்களும்தான் இதை நகர்த்தினார்கள். அந்தப் பொறுமை உங்களிடமும் இருக்கிறது. நமது ஊரிலிருந்தும் ஒரு பிள்ளை அந்த மேசைக்குப் போக வேண்டும் என்பது எங்கள் ஆசை.

புகைக்கும் சகோதரர்களே, உங்களோடு வாதாட வரவில்லை. எலியும் நாயும் சிப்பும் சொல்ல முயன்றதை மனிதர்களின் மரணக் கணக்கு எப்போதோ சொல்லி முடித்துவிட்டது. விட முயற்சி செய்யுங்கள். முதல் தடவை முடியாவிட்டால் இரண்டாம் தடவை முயலுங்கள்.

நோயோடு போராடும் நமது உறவுகள் அனைவருக்கும் அல்லாஹ் பூரண சுகத்தைக் கொடுக்க வேண்டும் என்று துஆச் செய்வோம். பயனுள்ளது என்று நினைத்தால் உங்கள் குடும்பத்தவர்களுக்கும் எத்திவையுங்கள். வாசிக்க முடியாத உம்மாமாருக்கு ஒருவர் வாசித்துக் காட்டுங்கள்.